வீட்டில் செய்யும் ஸ்டியரிங் கவர்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வெறும் சேஸாக வந்து நிற்கும் வண்டி, பாடி ஏறி, பெயின்ட் அடித்து, நெற்றியில் குலதெய்வத்தின் பேரோடு ரோட்டுக்குப் போகும். அந்த வண்டிகளுக்கு ஸ்டியரிங் கவரும் குஞ்சமும் வீட்டிலேயே செய்து விற்கிறேன். வாங்குகிறவர்களும் என்னைப் போல லாரி என்றால் உயிரை விடுகிறவர்கள்தான்.

கடையில் தொங்கும் கவர் கொஞ்ச நாளில் தளர்ந்து, ஒடிக்கும்போது கைக்குள் சுழலும். பாரம் ஏற்றிய வண்டி மலை இறங்கும்போது அது சின்ன விஷயமா? அதனால் வளையத்தின் சுற்றளவையும் பிடியின் கனத்தையும் நூல் பிடித்து அளந்த பிறகுதான் தோலை வெட்டுவேன். இரு விளிம்பிலும் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நைலான் நூலை இரண்டு ஊசியில் கோத்து, கேபினுக்குள்ளேயே உட்கார்ந்து குறுக்குத் தையல் போட்டு இறுக்க வேண்டும். தையல் உள்பக்கம் அமைய வேண்டும், உள்ளங்கையில் உறுத்தவே கூடாது. இந்த உழைப்புக்குத்தான் கூலி கேட்கிறேன். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் ஒரே விலை.

குஞ்சத்தில் எந்த நிறமும் கேளுங்கள். ஆனால் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையையோ பக்கவாட்டு மஞ்சளையோ மறைக்கிற மாதிரி எதுவும் செய்து தரமாட்டேன். இருட்டில் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அந்தப் பட்டைதான் நம் வண்டியைக் காட்டுகிறது. முன்கண்ணாடியை அடைக்கும் தோரணமும் வேண்டாம்.

வெளியூர் நண்பர்கள் வண்டி மாடலை மட்டும் சொல்லாமல், வளையத்தையும் அளந்து அனுப்புங்கள்.