கொக்குவிலுக்கு அடுத்தது

என்னுடன் பத்திரிகையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் லண்டனில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் செயற்பாட்டு இணைப்பாளராக இருக்கிறார். பாட்டு, பிங்கோ, கதிரையில் இருந்தபடியே உடற்பயிற்சி என அங்குள்ளோரின் பகற்பொழுதை நிரப்புவது அவரது தொழில்.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கு மறதி நோயுற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். பின்னாளில் கற்ற ஆங்கிலம் அவரை விட்டு அகன்றிருந்தது. எதிலும் சேரமாட்டார். தந்தை புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தவர் என்று மகள் சொல்லியிருந்தார். நண்பர் ஒருநாள் அவரருகே அமர்ந்து, "காங்கேசன்துறை" என்றாராம்.

பெரியவர் நிமிர்ந்தார். "மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில்..."

"யாழ்ப்பாணம்" என்று நண்பர் முடித்தார். அதன்பின் நாள்தோறும் காலையில் இருவரும் அந்தப் பயணம் போனார்கள்.

ஒருநாள் பெரியவர் கேட்டார்: "தம்பி, இப்ப றெயில் ஓடுதோ?"

1990இல் நின்ற சேவை 2014இல் யாழ்ப்பாணத்தையும் 2015இல் காங்கேசன்துறையையும் மீண்டும் அடைந்திருந்தது. "ஓடுது ஐயா" என்றார் நண்பர்.

"அப்ப என்னைக் கொண்டுபோய் ஏத்திவிடும்."

எத்தனையோ பேரைக் கேள்விகளால் திணறடித்த என் நண்பரிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. கதிரையை யன்னலோரம் திருப்பிவிட்டு, மீண்டும் "காங்கேசன்துறை" என்றாராம்.