உடனே வாருங்கள்

டிசம்பர் 24, இரவு

கிளினிக்கைப் பூட்டும் நேரத்தில் போன். "டாக்டர், பப்பி டார்க் சாக்லேட்டை முழுசாத் தின்னுட்டான். நல்லாத்தான் ஓடி விளையாடுறான். காலைல கூட்டிட்டு வரட்டுமா?" இப்போதே வாருங்கள், கிழிந்த உறையையும் எடுத்து வாருங்கள் என்றேன்.

உறையில் 50 கிராம் என்றிருந்தது. பப்பி 6 கிலோ பொமரேனியன். டார்க் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 5 மில்லிகிராம் தியோபுரோமின் இருக்கும், நாய்க்கு நஞ்சு அதுதான். ஆக, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல். 20 என்றால் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமை. 40ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60இல் வலிப்பு.

ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தேன். பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. சார்கோல் கரைசல் கொடுத்து, டிரிப் ஏற்றி, இரவு இங்கேயே வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 25

பப்பியை அடிக்கடி வெளியே நடத்திச் சிறுநீர் கழிக்க வைத்தோம். இந்த நஞ்சு சிறுநீர்ப்பையிலிருந்தே திரும்ப ரத்தத்தில் கலக்கக்கூடியது. நம் உடல் சில மணி நேரத்தில் பாதியாகக் குறைத்துவிடுவதை, நாயின் உடல் அப்படிக் குறைக்கச் சுமார் 17 மணி நேரம் ஆகிறது.

மதியம் ஒரு லாப்ரடார் வந்தது. நேற்று மாலை கேக்குக்கு வாங்கி வைத்த கோகோ பவுடரைத் தின்றிருக்கிறது. சாக்லேட் வகையில் மிகக் கொடியது அதுதான். கிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் தியோபுரோமின் இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று உப்புத் தண்ணீர் புகட்டியிருக்கிறார்கள். அது ரத்தத்தில் சோடியத்தை ஏற்றித் தனி ஆபத்தாகிவிடும். நாய் சாதாரணமாகத்தான் இருந்ததாம், விடியும்வரை. இங்கே வந்தபோது உடம்பு அனலாய்க் கொதித்தது, வலிப்பு நிற்கவில்லை. சாயங்காலம் உயிர் போய்விட்டது. அந்த வீட்டு அம்மாவுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. சாக்லேட் நாய்க்கு நஞ்சு என்று அவர்களிடம் யாருமே சொன்னதில்லை.

டிசம்பர் 27

பப்பி வீட்டுக்குப் போய்விட்டான்.

பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, நாய்கள் சாக்லேட் தின்று மருத்துவரிடம் வருவது கிறிஸ்துமஸிலும் ஈஸ்டரிலும்தான் கூடுகிறது என்று காட்டியது. நம் வீடுகளிலும் பண்டிகைக்குப் பண்டிகை சாக்லேட் பெட்டிகள் வருகின்றன.

"எங்க நாய் தினம் ஒரு துண்டு தின்னுதே, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். அது பால் சாக்லேட்டாக இருக்கும். அதில் நஞ்சு குறைவு, நாயும் பெரிதாக இருந்திருக்கும். அதை நம்பி டார்க் சாக்லேட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கக்கூடாது. சாக்லேட் மட்டுமல்ல, கேக்கில் கிடக்கும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் ஈரலைத் தாக்கும்.

தியோபுரோமினுக்கு முறிமருந்து கிடையாது. அறிகுறி தெரிய 6 முதல் 12 மணி நேரம்கூட ஆகலாம். வாந்தி எடுக்க வைப்பது நன்றாகப் பலன் தருவதோ தின்ற முதல் ஓரிரு மணி நேரத்தில். உங்கள் நாய் சாக்லேட் தின்றுவிட்டால் எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு, உறையோடு அப்போதே மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள்.