கட்டைவிரல் மேலே

பிப்ரவரி 7, சனி, புதுச்சேரி

கடலுக்குள் இறங்குகிறேன் என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் எல்லாரும் தைரியத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "உங்களுக்கு ரொம்பத் தைரியம் மேடம்." இந்தப் பாராட்டு எனக்கு ஒட்டுவதே இல்லை. ஸ்கூபா டைவிங்கில் தைரியத்தைக் காட்ட இடமே கிடையாது. காட்டுகிறவரைப் படகில் ஏற்றவே பயிற்சியாளர்கள் யோசிப்பார்கள். அங்கே வேண்டியது பொறுமையும் கணக்கும், கூட வருகிறவரைக் கவனிக்கும் பழக்கமும். நான் மயக்க மருத்துவர். ஆபரேஷன் தியேட்டரிலும் எனக்கு வேண்டியவை இவைதான். ஒன்று மற்றொன்றுக்கு எப்படி உதவுகிறது என்று எழுதிவைக்கக் கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன்.

இன்று படகில் எனக்கு ஜோடியாக வாய்த்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அரை மணி நேரத்துக்கு முன்புவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. குதிக்கும் முன் என் சாதனங்களை அவரும் அவருடையதை நானும் சோதிக்க வேண்டும். தன்னுடையதைத் தானே பார்த்துக்கொண்டால் அது கணக்கில் சேராது. ஜாக்கெட்டில் காற்று ஏறி இறங்குகிறதா, இடுப்பில் கட்டிய ஈயக்கட்டிகளை அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்ற வருமா, கொக்கிகள் எங்கெங்கே, சிலிண்டர் திறந்திருக்கிறதா.

இந்தக் கடைசிச் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ரெகுலேட்டரை வாயில் வைத்து, கேஜில் கண்ணை வைத்தபடியே மூன்று நான்கு முறை மூச்சை இழுக்க வேண்டும். முள் 200 பாரில் ஆடாமல் நின்றால் வால்வு நன்றாகத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சற்றே சரிந்து மறுபடி ஏறினால் வால்வைக் கொஞ்சம்தான் திருகியிருக்கிறார்கள். படகில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காற்று தாராளமாகவே தோன்றும். ஆழத்தில் போதாது. சும்மா கேஜைப் பார்த்தால் இரண்டு நிலையிலும் 200 என்றுதான் காட்டும். மூச்சை இழுத்துக்கொண்டே பார்த்தால்தான் குறை தெரியும்.

தினமும் காலையில் முதல் கேஸுக்கு முன் மயக்க மருந்து மெஷினைச் சோதிக்கிறோம். எங்கள் தியேட்டரில் பழைய ஆட்கள் இன்னும் அதை 'பாயில்ஸ்' என்றுதான் சொல்வார்கள். 1917இல் லண்டன் மருத்துவர் ஹென்றி பாயில் உருவாக்கிய மெஷினின் பெயர் நிலைத்துவிட்டது. (ஆழம் கூடக் கூடக் காற்று சுருங்கும் என்று டைவிங் வகுப்பில் சொல்லித்தரும் பாயில் விதி 1662இல் ராபர்ட் பாயில் சொன்னது. அவர் வேறு, இவர் வேறு.) மானிட்டரில் ஆக்ஸிஜன் எண் சரியாக இருக்கிறது என்று நான் நிறுத்திக்கொள்வதில்லை. பைப்லைனைக் கழற்றிவிட்டு, ரிசர்வ் சிலிண்டரைத் திறந்து, பையை அமுக்கி, காற்றை ஓடவிட்டுப் பார்க்கிறேன். டெக்னீஷியன் தம்பி பக்கத்தில் நின்று, நான் பார்த்ததை அவரும் ஒரு முறை பார்க்கிறார். கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு வந்த வழக்கம் இது.

பிப்ரவரி 8, ஞாயிறு, புதுச்சேரி

வாடை அடங்கிக் கடல் தெளிந்திருந்தது. இந்தக் கரைக்கு எதிரே பெரும்பாலும் மணல் தரைதான். அதில் கல்லும் கான்கிரீட்டும் இறக்கிச் செய்த செயற்கைத் திட்டு ஒன்று 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மீனுக்கு ஒண்ட இடம் கிடைத்தால் போதும்: பாரைக் கூட்டம் சுற்றி வருகிறது, சங்கரா திரிகிறது, பொந்திலிருந்து அஞ்சாலை தலையை நீட்டுகிறது.

முதல் டைவ் அதைப் பார்த்ததோடு இனிதாக முடிந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

இறங்கத் தொடங்கிச் சில மீட்டரிலேயே ஆசிரியைக்குக் காது அடைத்துக்கொண்டது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிப் பார்த்தார். கொஞ்சம் மேலே போய் மறுபடி முயன்றார். பிறகு என் பக்கம் திரும்பி உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஆட்டினார்: ஏதோ சரியில்லை. அடுத்து கட்டைவிரலை உயர்த்தினார். கரையில் அதற்குப் 'பிரமாதம்' என்று பொருள். தண்ணீருக்குள் 'மேலே போகலாம்'. நானும் கட்டைவிரலை உயர்த்தினேன். காட்டிய சைகையை அப்படியே திருப்பிக் காட்டினால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். இருவரும் நிதானமாக மேலே வந்தோம்.

படகில் ஏறியதும் அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினார். நேற்று லேசாகச் சளி இருந்தது, மாத்திரை போட்டேன், சரியாகிவிடும் என்று நினைத்தேன். பயிற்சியாளர் தம்பி மீனவக் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கலாம். தேநீர்க் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "காரணம் எதுவும் சொல்ல வேணாம் டீச்சர். கை காட்டுனீங்க, வந்தாச்சு, அவ்ளோதான்."

யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் டைவை நிறுத்தலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. குகைகளுக்குள் மூழ்குகிறவர்கள் இதைப் பொன்விதியாக வைத்திருக்கிறார்கள். இதன் மதிப்பு எனக்கு வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது. இன்று அவரைக் காரணம் கேட்டிருந்தால், அடுத்த முறை கையை உயர்த்தும் முன் 'இந்தக் காரணம் போதுமா' என்று யோசிப்பார். அந்த யோசனையில் போகிற நேரம்தான் ஆபத்தானது.

பிப்ரவரி 10, செவ்வாய், சென்னை

மதியம் வெண்டிலேட்டரில் இருந்த பெரியவர் ஒருவரை ஐ.சி.யூ.விலிருந்து ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கிளம்பும் முன் பி.ஜி. மாணவியிடம் கேட்டேன்: "சிலிண்டர்ல எவ்வளவு இருக்கு?" "ஃபுல்லா இருக்கு மேடம்." "எத்தனை நிமிஷத்துக்கு?"

டைவிங்கில் யாரும் 'ஃபுல்' என்று சொல்வதில்லை. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர் காற்று. (சாதாரணக் காற்றுதான், ஆக்ஸிஜன் என்று பலர் நினைக்கிறார்கள்.) தண்ணீருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் வாங்குகிறவருக்கு, 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு என்பதால், 56 லிட்டர் செலவாகும். 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும். ஆகவே கையில் இருப்பது 1800 லிட்டர், அரை மணிக்குச் சற்று மேல். பதறி மூச்சு வாங்கினால் அதுவும் இல்லை. எந்த அளவில் திரும்புவது என்பதையும் படகிலேயே பேசி முடித்துவிடுவோம். கீழே போன பிறகு, நல்ல மீன் ஒன்று கண்ணில் பட்ட பிறகு, அதைத் தீர்மானிக்கக் கூடாது.

அதே கணக்கை மாணவியைப் போடச் சொன்னேன். 10 லிட்டர் கொள்ளளவு, 150 பார், ஆக 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கூடாத ரிசர்வாக ஒதுக்கு. ஸ்கேன் அறையில் முன்னால் ஒருவர் இருந்தால்? லிஃப்ட் வரத் தாமதமானால்? எந்த அளவு வந்தால் ஸ்கேன் ஆகாவிட்டாலும் திரும்பிவிடுவோம்? அவள் 70 பார் என்றாள். சிலிண்டரில் பிளாஸ்டர் ஒட்டி அந்த எண்ணை எழுதினாள். தள்ளுவண்டியைத் தள்ளிய அண்ணனுக்கும் அது தெரிந்திருந்தது. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவரே குனிந்து முள்ளைப் பார்த்து, "நூத்தி நாப்பது இருக்கு மேடம்" என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். பழைய கட்டுரைகளைப் புரட்டியதில் இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து நிற்பது கண்ணில் பட்டது.

1978இல் பாஸ்டனில் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் மயக்க மருத்துவத்தில் நடந்த தவறுகளை, மருத்துவர்களிடமே பேசித் தொகுத்தார்கள். 359 சம்பவங்கள். அவற்றில் 82 சதவீதம் மனிதத் தவறு. சுவாசக் குழாய் கழன்றுகொண்டது, ஒரு சிரிஞ்சுக்குப் பதில் இன்னொன்றை எடுத்தது, இப்படி. 1979இல் அமெரிக்கக் குகை மூழ்குநர் ஷெக் எக்ஸ்லி ஒரு சிறு நூல் எழுதினார். மாண்டுபோனவர்களின் விபத்துகளைப் பிரித்துப் பார்த்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது என்ன என்று தேடினார். வெளியே வர வழிகாட்டும் கயிறு இல்லாமல் போனது, காற்றில் மூன்றில் ஒரு பங்கு செலவானதும் திரும்பாதது, அளவுக்கு மீறிய ஆழம். குகைக்குள் இன்று வரை மூன்றில் ஒரு பங்கு விதியைத்தான் பின்பற்றுகிறார்கள். எக்ஸ்லி 1994இல் மெக்ஸிகோவில் மிக ஆழமான ஒரு நீர்க்குழிக்குள் இறங்கியபோது இறந்தார். அவர் எழுதிவைத்ததால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இவர்கள் யாரும் குற்றவாளியைத் தேடவில்லை. எந்த இடத்தில் சறுக்குகிறோம் என்று எண்ணிப் பார்த்தார்கள். எங்கள் மாதாந்திர இறப்பு ஆய்வுக் கூட்டம் நல்லபடியாக நடக்கும் நாட்களில் இதைத்தான் செய்கிறது.

'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்று ஊரில் சொல்வார்கள். செங்குத்துப் பாறையில் தேனெடுக்க இறங்குகிறவர் மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவாராம். அக்கா தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. டைவிங் படகில் மச்சான் கிடையாது. தியேட்டரிலும் கிடையாது, அன்றைக்கு யாருக்கு ட்யூட்டி விழுகிறதோ அவர்தான். உறவு கொடுத்த காவலை இங்கே விதி கொடுக்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். கத்தி வைக்கும் முன் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வது அவற்றில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் ஆய்வு வெளியானது. பெயர் சொல்வதெல்லாம் சம்பிரதாயம் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டையே போடுவேன். பெயர் தெரிந்த ஆளைத்தான் கூப்பிட்டு நிறுத்த முடியும்.

பிப்ரவரி 19, வியாழன்

குடலிறக்கக் கேஸ். நோயாளி இன்னும் விழித்திருக்கிறார். நான் ஆன்டிபயாடிக் சிரிஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். இந்த மாதம்தான் சேர்ந்த சிஸ்டர் கை உயர்த்தினார்: "ஒரு நிமிஷம் டாக்டர்." எல்லாரும் நின்றார்கள். வார்டில் நோயாளியின் மனைவி, போன தடவை ஊசி போட்டதும் கை வீங்கியது என்று சொன்னாராம். ஃபைலில் அப்படி எதுவும் இல்லை. சிரிஞ்சைக் கீழே வைத்தேன். மனைவியை வாசலுக்கு அழைத்துப் பேசினோம், பழைய டிஸ்சார்ஜ் தாள்களைப் பார்த்தோம். ஒவ்வாமை இல்லை, டிரிப் ஊசி நரம்பைவிட்டு விலகியதில் வந்த வீக்கம். சிஸ்டரின் முகம் வாடியது.

சர்ஜன் சார் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டே, "தேங்க்ஸ் சிஸ்டர். இப்போ நமக்குத் தெரிஞ்சிடுச்சு. ஆரம்பிக்கலாமா?" என்றார். அவர் மேல் எனக்கிருந்த மரியாதை இன்னும் கூடியது. தினமும் லிஸ்ட் தொடங்கும்போது நான் சொல்வதையும் எழுதிவைக்கிறேன்: "யாருக்காவது மனசுக்குச் சரியாப் படலைன்னா நிறுத்துங்க. காரணத்தை அப்புறம் பார்த்துக்கலாம்." படகில் கேட்ட பேச்சைத்தான் தியேட்டருக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

ஆனால் கடலில் உள்ளது எல்லாம் அப்படியே இங்கே பொருந்தாது. அங்கே மேலே வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. வயிற்றைத் திறந்த பிறகு 'போதும், போகலாம்' என்று சொல்ல எங்களால் முடியாது. அதனால்தான் நிறுத்தும் உரிமையை முடிந்தவரை முன்னுக்குத் தள்ள வேண்டும்: நோயாளி விழித்திருக்கும்போதே, மருந்து சிரிஞ்சில் இருக்கும்போதே.

பிப்ரவரி 27, வெள்ளி

நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். ஊழியர்களை ஒரு நாள் கடலுக்கு அழைத்துப்போனால் குழு மனப்பான்மை வளருமாம். நான் ஏற்பாடு செய்து தரலாமாம். சந்தோஷத்துக்காகப் போகலாம், பயிற்சி என்ற பெயரில் வேண்டாம் என்றேன். முதல் நாள் கடலில் இறங்குகிறவரின் சிலிண்டரைப் பயிற்சியாளர் பிடித்தபடியே நீந்துவார். எல்லா முடிவும் அவருடையது. மீனைப் பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். அதில் கற்க ஒன்றும் இல்லை.

கற்பது நீச்சல் குளத்தில், முட்டி போட்டு உட்கார்ந்து. முகக் கண்ணாடியைத் தானே திறந்து தண்ணீரை நிறைக்கச் சொல்வார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும். உடம்பு முழுக்க 'மேலே ஓடு' என்று கத்தும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், கொஞ்ச ஆழத்திலிருந்தே என்றாலும் நுரையீரல் கிழியக்கூடும். ஆகவே உட்கார்ந்த இடத்திலேயே வாயால் மூச்சை இழுத்து, கண்ணாடியின் மேல் விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். திரும்பத் திரும்ப. நில், மூச்சு விடு, யோசி, செய். வரிசை மாறக் கூடாது. தொண்டையில் குழாய் இறங்காமல், ஆக்ஸிஜன் மானிட்டரின் ஓசை தாழ்ந்துகொண்டே போகும்போது என் குரல் உயராமல் இருப்பது அந்தக் குளத்தில் பழகியது. பிறவிக் குணம் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். பழக்கம்தான், யாருக்கும் வரும்.

மார்ச் 14, சனி

சிலிண்டரில் எண் எழுதிய பி.ஜி. மாணவி இன்று கேன்டீனில் வந்து உட்கார்ந்தாள். தானும் டைவிங் கற்க வேண்டுமாம். நீச்சல் தெரியும், ஆனால் ஆழத்தை நினைத்தால் பயம் என்றாள். பயம் இருக்கட்டும், அதைப் படகிலேயே ஜோடியிடம் சொல்லிவிடு, அவர் உன் மேல் கூடுதலாக ஒரு கண் வைத்துக்கொள்வார் என்றேன். முதலில் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, வலிப்பு, காது ஆபரேஷன் எதையும் மறைக்கக் கூடாது. பிறகு 200 மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும், வேகம் முக்கியமில்லை. பத்து நிமிடம் மிதக்க வேண்டும். ஏப்ரலில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைத்தால் குளத்துப் பயிற்சியை முடித்துவிடலாம்.

"சளி பிடிச்சிருந்தா மாத்திரை போட்டுட்டு வரலாமா மேடம்?" என்று கேட்டாள்.

"கூடாது. மாத்திரை வேகம் கீழ இருக்கும்போதே இறங்கிட்டா, மேல வர்றப்போ காது மாட்டிக்கும். சளின்னா போன் பண்ணிச் சொல்லு, வேற தேதி போட்டுக்கலாம்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுச் செல்போனில் ட்யூட்டி அட்டவணையைத் திறந்தாள்.