சின்ன உலாவிக்கு எங்கே இடம்?

சின்ன நிறுவனத்தின் உலாவி குரோமோடு போட்டி போட முடியுமா? போடியில் ஏலக்காய் வியாபாரிகளுக்கும் போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இணையக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும், ஆனால் எல்லாவற்றிலும் அல்ல.

நம் மண்ணின் உதாரணம் சோஹோ 2023 மே மாதம் வெளியிட்ட உலா. மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய், அதற்குத்தான். எதிரே நிற்பவர் யார் என்று பாருங்கள். பிறருடைய உலாவிகளிலும் போன்களிலும் தன் தேடலே முதலில் நிற்க 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கு விசாரணையில் வெளிவந்தது. இங்கே விடியற்காலையில் ஜீப் ஏறித் தோட்ட வேலைக்குப் போகிற அக்காவின் ஆண்ட்ராய்டு போனில், வாங்கும்போதே குரோம் இருக்கிறது. அவர் வேறொன்றைத் தேடிப் போக என்ன அவசியம்?

வலைப்பக்கத்தைத் திரையில் காட்டும் எஞ்சினிலும் போட்டி இல்லை. உலாவுக்குள் ஓடுவது கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓபரா 2013இல் சொந்த எஞ்சினைக் கைவிட்டது. மைக்ரோசாப்ட்டே தன் எட்ஜ் உலாவியைக் குரோமியத்துக்கு மாற்றுவதாக 2018இல் அறிவித்தது. ஆனால் ஆபத்து உண்டு. எங்கள் மலையில் ஏலக்காயில் பெரும்பகுதி ஞள்ளானி என்ற ஒரே ரகம்தான். நல்ல விளைச்சல், நோய் விழுந்தால் எல்லாத் தோட்டத்துக்கும் விழும். குரோமியத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் குரோம், எட்ஜ், உலா மூன்றுக்கும் அது ஓட்டைதான். 2023 ஆகஸ்டிலிருந்து குரோம் வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிறது. அதைத் தாமதமில்லாமல் தன் பயனருக்குக் கொண்டுசேர்ப்பதுதான் சின்ன நிறுவனத்தின் உண்மையான தினசரி வேலை. வெளியே யாரும் பாராட்டாத வேலை.

பிறகு எதில் வெல்லலாம்? சோறு எங்கிருந்து வருகிறது என்பதில். பயர்பாக்ஸுக்குச் சொந்த எஞ்சின் இருக்கிறது, ஆனால் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தரும் தேடல் பணம். சோஹோ வாழ்வது நிறுவனங்களுக்கு விற்கும் மென்பொருளின் சந்தாவில். விளம்பரத்துக்காகப் பயனரைப் பின்தொடர வேண்டிய தேவை அதற்கில்லை. ஏலத்துக்கு முந்தின இரவு எட்டு மில்லிமீட்டர் ஏலக்காய்க்கு என்ன விலை போகும் என்று ஒரு வியாபாரி எதையெல்லாம் தேடினார் என்பது அவருடைய தொழில் ரகசியம். அதைக் காப்பது பெரிய சேவை.

இன்னொரு இடமும் காலியாகவே கிடக்கிறது: டிஜிட்டல் கையொப்பம். பல அரசுத் தளங்களில் யுஎஸ்பி டோக்கனைச் செருகினால் மட்டும் போதாது, தனி மென்பொருள் ஒன்றையும் நிறுவியாக வேண்டும். கணக்குப்பிள்ளைகள் என்னை அவசரமாக அழைப்பது பெரும்பாலும் இதற்குத்தான். உலாவிக்குள்ளேயே கையொப்பமிடும் வசதி வேண்டும் என்பது அமைச்சகப் போட்டியின் நிபந்தனைகளில் ஒன்று. உலாவி தயாரானால் மட்டும் பயனில்லை. அரசுத் தளங்களை எழுதுகிறவர்கள் அந்த வசதியை ஏற்று, குரோமுக்கு வெளியேயும் தங்கள் பக்கங்களைச் சோதித்துத் தர வேண்டும்.