முத்தம்மாள் காலனியில் நின்ற கார்

2023 டிசம்பர் 20, புதன்

மதியம்தான் கரண்ட் வந்தது. ஞாயிறு ராத்திரியிலிருந்து தூத்துக்குடியில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, திருச்செந்தூரில் 69 என்று டிவியில் சொல்கிறார்கள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்ட செந்தூர் எக்ஸ்பிரஸில் மட்டும் 800 பேர்வரை இருந்தார்களாம். அதைக் கேட்டபின் காரைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு ஆயிரம் பேர் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

மாமாவின் முதுகுக்கு டாக்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். அதனால் சனிக்கிழமையே பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தூத்துக்குடி வந்து, காரை முத்தம்மாள் காலனியில் அத்தான் வீட்டு போர்ட்டிகோவில் விட்டோம். கோரம்பள்ளம் குளத்துத் தண்ணீர் ஊருக்குள் வந்தபோது போர்ட்டிகோ என்ன, வாசல் என்ன. இப்போது வடிந்து முழங்கால் அளவு நிற்கிறது. கதவில் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே சேற்றுக்கோடு. அதாவது சீட்வரை தண்ணீர்.

போன் சார்ஜ் ஏறியதும் கப்பலிலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் வரிசையாக விழுந்தன. எல்லாவற்றிலும் ஒரே விஷயம். "பேட்டரி நெகட்டிவைக் கழட்டு. ஸ்டார்ட் பட்டன் பக்கம் யாரும் போகக் கூடாது." என்ஜின் ரூமிலேயே காலம் கழிக்கிறவர். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலேறும்போது காற்றைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எதிர் வீட்டுத் தம்பி நேற்று தன் காரை ஸ்டார்ட் செய்து பார்த்தான். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

எங்கள் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. டிக்கி கரண்டில் திறப்பது. அத்தான் பின்சீட்டை மடக்கி உள்ளே ஊர்ந்து போய்க் கழற்றினார். சாவி மாமாவின் வேட்டி மடியில். மழை ஆரம்பித்த ராத்திரியே வாங்கி முடிந்துகொண்டார். யார் கேட்டும் தரவில்லை.

டிசம்பர் 21

முதலமைச்சர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எங்கள் தெருவில் தண்ணீர் இன்னும் வடியவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

ஊருக்கு வந்துவிட்டோம். பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தும் மாமா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். வழியெல்லாம் மானாவாரி உளுந்தும் பாசியும் தண்ணீரில் கிடக்கின்றன. கோட்டையைப் பார்க்க ஒரு ஆள் இல்லை. வழக்கமாகப் பள்ளி விடுமுறையில் கட்டபொம்மன் கோட்டை முன்னால் வேன் நிறுத்த இடமிருக்காது.

காரைப் பற்றி விசாரிக்காதவர்கள் இல்லை. "அவ்வளவு பெரிய வண்டிக்குமா ஆகும்?" என்று ஒரு பெரியம்மா கேட்டாள். அவள் வீட்டுச் சுவரே ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறது. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

டிசம்பர் 27, புதன்

தூக்கம் வரவில்லை. கணக்கு நோட்டை எடுத்தேன்.

2017 மாடல் ஜெர்மன் செடான், இரண்டு லிட்டர் டீசல். இரண்டரை வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் 21 லட்சத்துக்கு வாங்கியது. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ்தான். "ஆத்தாடி, டீசலக் குடிக்குமே!" குடிக்காது. மதுரை நான்குவழிச் சாலையில் லிட்டருக்கு 17, 18 வரும். தூத்துக்குடி டவுனுக்குள் 11. சராசரி 16 என்று வைத்தால், லிட்டர் 95 ரூபாய்க்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய்தான் ஆகிறது. வருடம் 12 ஆயிரம் கிலோமீட்டருக்கு 71 ஆயிரம்.

பணத்தைத் தின்பது மற்றதெல்லாம். சர்வீஸ் 45 ஆயிரம், இன்சூரன்ஸ் 55 ஆயிரம். டயரும் பிரேக்கும் வருடத்துக்குச் சராசரி 50 ஆயிரம். பஞ்சரானாலும் ஓடுகிற டயர் என்பதால் ஒன்றின் விலையே மலைக்க வைக்கிறது. டீசலோடு கூட்டினால் கிலோமீட்டருக்கு 18 ரூபாய்க்கு மேல் போகிறது. இதுவரைக்கும் சரி என்பேன். வாங்கிய 21 லட்சம் இந்த வருட பாலிசியில் 13 லட்சமாகிவிட்டது. அந்த 8 லட்சத்தையும் ஓட்டிய தூரத்துக்குப் பங்கு போட்டால் இன்னும் 26, 27 ரூபாய். மொத்தம் 45 ரூபாய் ஒரு கிலோமீட்டருக்கு. வாடகைக் கார் 14 ரூபாய்க்கு வருகிறது.

இதுபோன்ற கணக்கை வீட்டுக்காரரிடம் போன வருடமே காட்டினேன். "ஒரு நாளாச்சும் வழியில நிறுத்திருக்கா?" என்றார். இல்லைதான். ஒரு நாளும் நிறுத்தவில்லை. ஜெர்மன் இரும்பு என்று அவர் சொல்வார், நானும் பிறரிடம் அப்படியே சொல்லி வந்தேன்.

டிசம்பர் 28

விஜயகாந்த் காலமாகிவிட்டார். டீக்கடையில், கோயில் பக்கத்தில், எங்கும் அவர் பாட்டுதான். மாமா சாப்பிடவில்லை.

2024 ஜனவரி 2, செவ்வாய்

கார் இன்று மதுரைக்குப் போனது. சங்கிலி கட்டி இழுக்க முடியாத வண்டி. ஆட்டோமேட்டிக் கியர், ஹேண்ட்பிரேக்கும் கரண்டில் விடுவது. செத்த கரண்டில் சக்கரம் பூட்டியபடியே நிற்கிறது. சக்கரத்துக்கு அடியில் உருளைப் பலகை கொடுத்து, தட்டு லாரியில் விஞ்சு போட்டு ஏற்றினார்கள். லாரிக்கு மட்டும் 16 ஆயிரம். டிசம்பர் 4 புயலுக்குப் பிறகு தட்டு லாரியெல்லாம் சென்னைக்குப் போய்விட்டதாம். "அங்க நனைஞ்ச வண்டியே இன்னும் முடியலக்கா, ஒங்க வண்டிக்கு வரிசை எப்ப வருமோ," என்றார் டிரைவர்.

ஜனவரி 6, சனி

மதுரை ஒர்க்ஷாப். காரைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சூப்பர்வைசர் டார்ச் அடித்து அடியைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "தூத்துக்குடி வண்டியா மேடம் இது?" என்றார். ஆமாம் என்றேன். நம்பாமல் இன்னொரு மெக்கானிக்கையும் கூப்பிட்டுக் காட்டினார். கடற்கரை வண்டிகளில் நாலைந்து வருடத்தில் சஸ்பென்ஷன் போல்டு, பிரேக் குழாய், சைலன்சர் பட்டி, கதவின் அடிமடிப்பு என்று துரு ஏறியிருக்குமாம். இதில் கம்பெனிப் பெயின்ட் அப்படியே இருக்கிறது. "அண்டர்கோட்டிங் எங்க அடிச்சீங்க?" எங்கும் அடிக்கவில்லை. அவர் அதை எழுதிக்கொண்டார்.

என்ஜின் ஆயிலை இறக்கினார்கள். தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட தேநீர் நிறத்தில் வரும். கறுப்பாகவே வந்தது. இன்ஜெக்டரைக் கழற்றி உள்ளே சிறு கேமராவை விட்டுப் பார்த்தார்கள். சிலிண்டர் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. நான் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

அடுத்ததாக சூப்பர்வைசர் சீட்டுகளைக் கழற்றிய இடத்தைக் காட்டினார். கார்ப்பெட்டுக்கு அடியில், சீட்டுக்கு அடியில், டிக்கி மூலையில் என்று எங்கு பார்த்தாலும் கன்ட்ரோல் யூனிட். காரின் மூளையைத் தரையோடு தரையாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பச்சைப் பூஞ்சை போல செம்புத்துரு. உப்பளத் தண்ணீரும் கலந்த வெள்ளம் அது. ஒயரிங் முழுவதும், ஏர்பேக் யூனிட், சீட் மோட்டார்கள் என்று பட்டியல் நீண்டது. 11 லட்சத்து 40 ஆயிரம். பழைய யூனிட்டை வாங்கி மாட்டவும் வழியில்லையாம். ஒவ்வொன்றும் அந்தந்த சேஸிஸ் நம்பரோடு பிணைக்கப்பட்டது, கம்பெனி கம்ப்யூட்டரில் கோடிங் போட்டால்தான் பேசும்.

ஓடக்கூடிய என்ஜின் இருக்கிறது, ஓட்ட முடியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 7, ஞாயிறு

அடியில் துரு இல்லை என்று சொன்னதை மாமாவிடம் சொன்னேன். "எப்படி இருக்கும்?" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசினார். இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வேப்பலோடை உப்பளத்தில் அவர் வேலை பார்த்தபோது முதலாளியிடம் கான்டஸா இருந்ததாம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்த வண்டி. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் உடம்பு. முதலில் அம்பாசடர் வகை என்ஜினோடு வந்து திணறியது, பிறகு ஐசுஸு 1.8 லிட்டர் என்ஜின் போட்டார்கள். அந்தக் காலத்தில் பெரிய மனிதர் வண்டி. முதலாளி தினமும் பாத்திக்கரை வரை ஓட்டி வருவார். சாயந்திரம் கழுவும் வேலை மாமாவுக்கு. மேலே பளபளவென்று துடைத்தால் போதும் என்பது உத்தரவு.

"மேல தொடச்சு என்ன தாயி? உப்பு அடியிலல்ல இருக்கு. மூணு வருசத்துல கதவு அடி பொரிஞ்சு கையோட வந்துட்டு. பெறவுதான் பாத்தேன், கதவுக்கு அடியில சின்ன ஓட்டை விட்டுருக்கான், தண்ணி எறங்க. மண்ணும் உப்பும் சேந்து அது அடைச்சுக் கெடக்கு. தண்ணி உள்ளயே நின்னு தின்னுருக்கு."

அதன்பின் அந்த வீட்டில் எந்த வண்டி வந்தாலும் ஈர்க்குச்சியால் ஓட்டையைக் குத்தி, அடிக்கு நல்ல தண்ணீர் அடிப்பாராம். போர் தண்ணீர் ஆகாது. எங்கள் காருக்கும் அதுதான் நடந்திருக்கிறது. ஞாயிறுதோறும் குழாயில் வரும் நல்ல தண்ணீரை அவர் குடம் குடமாகக் காருக்கடியில் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். குடிக்கிற தண்ணீர் என்று சத்தம் போட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை. முதுகு வலிக்க ஆரம்பித்தது எப்போது என்று இன்று கேட்டேன். "அது கெடக்கு," என்றார்.

ஜனவரி 15

பொங்கல். வீட்டுக்காரர் போனில் வந்தார். கடல் கொந்தளிப்பு, சரியாகக் கேட்கவில்லை.

ஜனவரி 24, புதன்

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்துவிட்டார். நிதானமான மனிதர். முதல் கேள்வி, "தண்ணியில நின்னப்ப ஸ்டார்ட் பண்ணினீங்களா?" சாவி மாமா மடியில் இருந்ததைச் சொன்னேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார். தண்ணீரில் ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பணம் வராது. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். எதிர் வீட்டுத் தம்பிக்கு அது இல்லை. பாவம், அவனுக்கு இதுதான் முதல் கார்.

எங்களுடையது வேறு கணக்கு. ரிப்பேர்ச் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் காருக்குப் போட்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். 13 லட்சத்தில் அது 9 லட்சத்து 75 ஆயிரம். எஸ்டிமேட் அதைத் தாண்டிவிட்டது. காரை ஒப்படைத்தால் விதிப்படி பிடித்தம் போக 13 லட்சம். காரை நாமே வைத்துக்கொள்வதென்றால் அதற்கு ஏலத்தில் வந்த விலை 3 லட்சத்து 20 ஆயிரத்தையும் கழித்துத் தருவார்கள்.

கொடுத்துவிடு என்கிறார் வீட்டுக்காரர். தூத்துக்குடியில் ஒரு எலக்ட்ரீஷியன் 4 லட்சத்தில் எழுப்பிக் காட்டுகிறேன் என்கிறார். கோடிங்குக்கு என்ன செய்வாய் என்று கேட்டால் "பாத்துக்கலாம்க்கா." அந்த ஒரு வார்த்தைக்கு 4 லட்சம் போட எனக்குத் துணிச்சல் இல்லை. என்றாலும் ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்தும் போடவில்லை. மதியமெல்லாம் மேஜைமேல் கிடந்தது. உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் எலக்ட்ரிக் கார் தொழிற்சாலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். வியட்நாம் கம்பெனி. மொத்தம் 16 ஆயிரம் கோடி முதலீடு என்கிறார்கள். வருடம் ஒன்றரை லட்சம் கார்வரை இங்கிருந்து வருமாம். நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும். உப்பும் தீப்பெட்டியும் தவிர வேறு தெரியாத ஊர்கள் இவை.

மாமா செய்தியை முழுக்கப் பார்த்தார். பேட்டரி எங்கே இருக்கும் என்று கேட்டார். காரின் தரைக்கு அடியில், முழு நீளத்துக்கு என்றேன். தண்ணீர் புகாமல் மூடித்தான் வைப்பார்கள் என்றும் சொன்னேன்.

"மூடி சரி. மூடிய மாட்டுற போல்டு?"

வீட்டுக்காரருக்கு இந்தக் கேள்வியை அப்படியே அனுப்பினேன். கப்பலில் இதே கேள்விதான் தினமும் என்று பதில் வந்தது.

மார்ச் 16, சனி

நேற்று முதல் டீசல் 2 ரூபாய் குறைந்திருக்கிறது. பழக்கத்தில் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். கிலோமீட்டருக்கு 12 பைசா. கார் மதுரையில் நிற்கிறது.

இன்சூரன்ஸிலிருந்து மறுபடி போன். முடிவு சொல்லுங்கள் என்கிறார்கள். வீட்டுக்காரர் அடுத்த மாதம் கொச்சியில் இறங்குகிறார், அதுவரை பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்வார்களா தெரியாது. ஒர்க்ஷாப்பில் நிறுத்த வாடகை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

புதன்கிழமை மாமாவுக்கு டாக்டர். வாடகைக் காருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் திண்ணையிலிருந்து, "எந்தூரு வண்டின்னு கேளு," என்றார். தருவைகுளம் என்றார் டிரைவர். "அடியக் கழுவுறானான்னு கேளு." கேட்டேன். மாதம் ஒரு தடவை சர்வீஸ் ஸ்டேஷனில் விடுவதாகச் சொன்னார்.

கடற்கரை வண்டிக்கு மாசம் ஒண்ணு எப்படிப் பத்தும் என்று மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். புதன்கிழமை டிரைவரிடம் அவரே பேசட்டும்.