முன்னோர் உணவும் முன்னோர் பசியும்

ஐம்பது வயதைக் கடந்த எனக்குச் சர்க்கரை நோய் வந்திருப்பதாக மருத்துவர் அறிவித்த நாள் முதல், உணவைப் பற்றிய எழுத்துகளைத் தேடிப் படிக்கலானேன். நம் முன்னோர் வரகும் சாமையும் குதிரைவாலியும் உண்டு நோயின்றி நெடுநாள் வாழ்ந்தனர் என்பதே அவற்றுள் பலவற்றின் சாரம். நானும் குதிரைவாலிச் சோற்றுக்கு மாறினேன். அத்தோடு நில்லாமல், மறையுரையிலும் முன்னோர் உணவைப் புகழத் தொடங்கினேன்.

அந்நாள்களில் ஒருமுறை, வீரசோழனுக்கு அருகே ஒரு சிற்றூரில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றிருந்தேன். எண்பதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். "பாட்டி, அந்தக் காலத்து உணவுதானே உங்களை இவ்வளவு திடமாக வைத்திருக்கிறது?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"விரும்பியா தின்னோம், சாமி? வேற இல்லாமத் தின்னோம். நெல்லுச்சோறு கிறிஸ்மசுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான். கோழி கூவ எந்திரிச்சுக் குத்துனாத்தான் கஞ்சி. எங்கூடப் பொறந்தவுக ஏழு பேரு. பெரிய ஆளானது ரெண்டு பேருதான்."

என் மறையுரைகள் அனைத்தும் அந்தத் திண்ணையில் வாயடைத்து நின்றன.

அவர் கூறியது உண்மை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. குழந்தைச் சாவுகள் மிகுந்திருந்ததே அதற்கு முதன்மைக் காரணம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தையும் இம்முன்னோர்தாம் கண்டனர். புரட்டாசி மழையை நம்பிக் கரிசலில் விதைத்து, ஏறத்தாழ மூன்று மாதத்தில் அறுக்கும் குதிரைவாலி, வானம் பொய்த்தால் அதுவும் இல்லை. அதன் கடினமான உமியை உரலிலிட்டு நீக்கிய பெண்களின் உழைப்பைப் பழம்பெருமை பேசும் நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அவ்வாறாயின் அத்தானியத்தில் நன்மை இல்லையா? உண்டு. நார்ச்சத்து மிகுந்த அது, தீட்டிய அரிசியைப் போல் குருதியில் சர்க்கரையை விரைந்து ஏற்றுவதில்லை. ஆனால் வெண்மைக்காக அதையும் இயந்திரத்தில் தீட்டினால் அந்நன்மை குறைந்துவிடும். அளவின்றி உண்டு உடலசையாமல் இருப்பவரை எத்தானியமும் காவாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று மதிப்பிட்டது. அந்த மூதாட்டிக்கும் இந்நோய் உண்டு. அவர் இப்போது மூன்று வேளையும் உண்பது நியாயவிலைக் கடை அரிசி.

அந்த அரிசியை நான் பழிக்கமாட்டேன். 2011 சூன் முதல் தமிழகத்தில் விலையின்றி வழங்கப்படும் அது, எத்தனையோ அடுப்புகளை அணையாமல் காத்தது. என்னை உறுத்துவது வேறொன்று. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023-இலும், விளைந்த குதிரைவாலியை உமியோடு வியாபாரியிடம் விற்றுவிட்டு, இலவச அரிசியை உலையிலிடும் வீடுகளை இங்கே கண்டேன். அதே தானியம் நகரத்துக் கடையில் அழகிய பையில் அரிசியினும் கூடுதலான விலைக்கு விற்கிறது. ஏழை வேறு வழியின்றி உண்டதை இன்று வசதியுள்ளவர் விரும்பி உண்கின்றனர். விளைவித்தவருக்கோ அது எட்டவில்லை.

விவிலியத்திலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. கோதுமை, வாற்கோதுமை, பயறு, தினை முதலியவற்றைக் கலந்து அப்பம் சுடுமாறு எசேக்கியேலுக்குக் கட்டளை வந்தது. நாளொன்றுக்கு 20 செக்கேல் நிறையே உணவு. முற்றுகையிடப்பட்ட எருசலேமின் பஞ்சத்திற்கு அது அடையாளம். மேலை நாடுகளில் இன்று அவ்விறைவாக்கினரின் பெயரிலேயே உடல்நல ரொட்டி விற்கப்படுகிறது. செய்முறையை எடுத்துக்கொண்டவர்கள் அடையாளத்தை விட்டுவிட்டார்கள். நானும் அதையே செய்திருந்தேன்.

கடந்த பெரிய வெள்ளியன்று, எங்கள் ஆலய முற்றத்தில் காய்ச்சிய கஞ்சிக்குச் சுற்றுப்புற விவசாயிகளிடம் நேரடியாகக் குதிரைவாலி வாங்கினோம். அவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தோம். சிறிய செயல்தான்; அதனால் ஊர் மாறிவிடவில்லை. முற்றத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் நானே கிண்ணத்தைக் கொடுத்து, "எப்படி இருக்கிறது, பாட்டி?" என்றேன்.

அவர் நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அப்பப் பசிக்குப் பயந்து குடிச்சோம், சாமி. இன்னைக்குத்தான் இதோட ருசி தெரியுது."

அன்பர்களே, முன்னோர் உணவை உண்போம். அவர்களுடைய பசியையும் நினைவுகூர்ந்து உண்போம்.