இருக்கிற சொல் கிடைக்காதபோது

கன்ட்ரோல் எஃப் அழுத்தி, சொல்லைத் தட்டி, என்டர் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் கணினியில் எழுதுகிற எல்லோரும் நினைக்கிறோம். தமிழ்ப் புத்தக வேலைக்கு வந்த பிறகுதான் தேடல் என்பது தனியாகப் பழக வேண்டிய தொழில் என்று தெரிந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கூடம். பக்கம் கட்டுவது, மெய்ப்புப் பார்ப்பது, சொல்லடைவு தயாரிப்பது எல்லாவற்றையும் அங்கே ஓர் அக்கா பார்த்துக்கொண்டார். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலம் முடியும் தறுவாயில் தொழிலுக்கு வந்து, பேஜ்மேக்கர், இன்டிசைன் என்று ஒவ்வொன்றாகக் கற்றுத் தேறியவர். வேலை பழகச் சேர்ந்த என்னிடம் அவர் முதலில் கொடுத்தது ஒரு வேர்ட் கோப்பும் ஒரு பெயரும்.

கோப்பு, சுயமரியாதை இயக்கம் பற்றிய ஒரு நூலின் கைப்பிரதி. பெயர், பெரியார். சொல்லடைவுக்காக அந்தப் பெயர் வருகிற இடங்களையெல்லாம் குறிக்க வேண்டும். தேடியதும் முதல் இயல்களில் மஞ்சள் மஞ்சளாக வந்து விழுந்தது. நடுவில் ஒரு முழு இயலில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த இயலின் முதல் வரியே பெரியாரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. கண்ணுக்கு நேரே பெயர் இருக்க, மென்பொருள் இல்லை என்கிறது.

அக்கா எழுந்து வந்து பார்த்தார். "அதுக்கு எழுத்து தெரியாது தம்பி, எண்ணுதான் தெரியும். நீ கேட்ட எண்ணு அந்தப் பக்கத்துல இல்ல, அவ்வளவுதான். கண்ணு முன்னாடி இருக்குற சொல்லை அப்படியே காப்பி பண்ணி, தேடுற பெட்டியில ஒட்டிப் பாரு."

ஒட்டிப் பார்த்தேன். இப்போது அந்த இயல் முழுவதும் மஞ்சளாகிவிட்டது. மற்ற இயல்கள் வெறுமையாகிவிட்டன. தேடலில் கோளாறு என்று யார் வந்தாலும் நான் இன்றுவரை முதலில் செய்யச் சொல்வது இந்தச் சோதனையைத்தான். ஒட்டிய சொல் கிடைத்து, தட்டிய சொல் கிடைக்காவிட்டால் கோளாறு எழுத்துக்குள் இருக்கிறது. ஒட்டியதும் கிடைக்கவில்லை என்றால் தேடல் பெட்டியின் அமைப்புகளில் ஏதோ சிக்கியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எழுத்துக்குள் எங்கே என்று கண்டுபிடிக்க, சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தேட வேண்டும். அந்த இயலின் முதல் வரியில் கர்சரை வைத்து 'ப' என்று தேடினால் பெரியாரின் முதலெழுத்திலேயே வந்து நிற்கிறது. 'பெரி' என்றதும் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அப்படியானால் கோளாறு ரகரத்தில். அடுத்த கருவி ஆல்ட் எக்ஸ். வேர்டில் கர்சரை எழுத்துக்குப் பின்னால் வைத்து இதை அழுத்தினால் கடைசிக் குறி மறைந்து அதன் யூனிகோட் எண் தெரியும். மறுபடி அழுத்தினால் எண் மீண்டும் எழுத்தாகிவிடும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் இதே விசை உண்டு. பெரியாரின் கடைசி எழுத்தான ர் மீது சோதித்தோம். பேக்ஸ்பேஸ் தட்டிப் புள்ளியை நீக்கிவிட்டு ஆல்ட் எக்ஸ் அழுத்தினால், ரகரத்துக்கு உரிய பூஜ்யம்-பி-பி-பூஜ்யம் வரவில்லை. வந்தது பூஜ்யம்-பி-பி-ஈ. அது துணைக்காலின் எண்.

யாரோ தவறாகத் தட்டிய ஒற்றை எழுத்து அல்ல இது. ஒரு தலைமுறையின் கைப்பழக்கம். பழைய தமிழ் அச்சில் ர், ரி, ரீ மூன்றிலும் ரகரத்தின் கீழே இழுக்கும் கால் கிடையாது. துணைக்காலின் வடிவத்தின் மேல் புள்ளியோ சுழியோ வைத்தால் போதும். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்கள் அதையே விரலில் ஏற்றிக்கொண்டார்கள். கணினிக்கு வந்த பிறகும் தட்டச்சு விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, துணைக்கால் அடித்துப் புள்ளி வைத்தார்கள். தாளில் அச்சானால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதனால்தான் இணையத்தில் இன்றும் 'அவர்கள்' என்ற சொல்லோடு 'அவா்கள்' என்ற சொல்லும் உலவுகிறது. இந்த இரண்டையும் உங்கள் கண் ஒன்றாகவே படித்திருக்கலாம். தேடுபொறிக்கு இரண்டும் இரண்டு சொற்கள்.

பெரியாரிடம் வந்தால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. பெ என்பதில் ஒற்றைக்கொம்பு இருக்கிறது. அடுத்து வரும் ரி-யைத் துணைக்காலாக அடித்தால் கொம்பும் காலும் சேர்ந்து கணினியின் கணக்கில் ஒகரக் குறியாகிவிடும். ஆக, உள்ளே இருப்பது 'பொ' என்ற எழுத்தும் அதன் தலையில் ஒரு சுழியும்: பொியாா். இப்படியே 'சேர்ந்த' என்பது 'சோ்ந்த' ஆகிறது. 'பாண்டிச்சேரி' என்பது 'பாண்டிச்சோி' ஆகிறது. தமிழின் ஆகப் பெரிய பெயர்களில் ஒன்று ஒரு புத்தகத்தின் ஓர் இயல் முழுக்கக் கணினிக்குத் தெரியாமலே கிடந்ததை அன்று பார்த்தபோது மனது பதறியது. நாளை அந்த நூல் மின்னூலாகி, ஒரு மாணவி பெரியார் என்று தேடினால் அந்த இயல் அவளுக்கு இல்லாத இயல்தான்.

திருத்துவது எளிது. ஆனால் எதையும் விட்டுவிடக் கூடாது. துணைக்காலின் மேல் புள்ளி வருகிற எழுத்து தமிழில் இல்லை. அதனால் 'ா்' வருகிற இடத்தையெல்லாம் 'ர்' என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். துணைக்காலின் மேல் சுழியும் அப்படித்தான். அதோடு ஒகர, ஓகாரக் குறிகள் ஒரே எண்ணாக ஒட்டிப்போன இடங்களை மாற்றியாக வேண்டும்: ஒகரக் குறியும் சுழியும் சேர்ந்தது 'ெரி', ஓகாரக் குறியும் புள்ளியும் சேர்ந்தது 'ேர்' என்பதுபோல. இல்லையென்றால் அவை மாற்றத்துக்கு அகப்படாமல் தப்பிவிடும். குறிகளைத் தனியாகத் தட்டினால் பெட்டியில் புள்ளிவட்டம் தோன்றிக் குழப்பும். அக்கா அதற்கு வேறு வழி வைத்திருந்தார். வேர்டின் தேடும் பெட்டியில் ^ குறி, ஆங்கிலச் சின்ன யூ, அதையடுத்து எழுத்தின் தசம எண் என்று கொடுத்தால் அந்தக் குறியை நேராகத் தேடும். துணைக்கால் 3006, புள்ளி 3021, சுழி 3007, ஒகரக் குறி 3018, ஓகாரக் குறி 3019. இந்த எண்கள் அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுத்தாளில் இருந்தன. தேடும் பெட்டியில் மட்டும்தான் இது செல்லும்; மாற்றும் பெட்டியில் எழுத்தையே தட்ட வேண்டும். ஒயில்ட்கார்டு தேர்வும் அப்போது அணைந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றுவதற்கு முன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைப்பது அந்தக் கூடத்தில் எழுதாத சட்டம். இரண்டு மூன்று இடங்களைத் தனித்தனியாக மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் மொத்தத்துக்கும் கை வைப்போம். 'மணி' என்ற பெயரை 'மணியன்' என்று மாற்றச் சொன்னால் மணிமேகலையும் சேர்ந்து உருமாறிப்போவாள் என்பதை அக்கா ஒரு மாதிரிக் கோப்பில் மாற்றியே காட்டினார்.

கொம்பையும் காலையும் பற்றி இன்னொன்றும் இருக்கிறது. யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரவில்லை. மெய்யும் குறியும் சேர்ந்துதான் எழுத்து. 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு எண்களில் வைக்கலாம். ககரம், கொம்பு, கால் என்று மூன்று எண்களிலும் வைக்கலாம். தர விதிப்படி இரண்டும் சமம். சில மென்பொருள்கள் அந்தச் சமத்தை மதிக்கின்றன, சில மதிப்பதில்லை. சந்தேகம் வந்தால் எழுத்துக்குப் பின்னால் ஒரு பேக்ஸ்பேஸ். 'கொ' 'க' ஆனால் ஒரே குறி. 'கெ' ஆனால் இரண்டு குறிகள். தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. அது பரவியிருந்தால் இந்தப் பாடத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். நம் கைக்கு வருகிற கோப்புகளோ யூனிகோடில்தான் வருகின்றன.

அல்லது அதற்கும் முந்தைய காலத்திலிருந்து வருகின்றன. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளைத் திறந்தால், திரையில் தமிழ் இருக்கும். உள்ளே ஆங்கிலம் இருக்கும். சின்ன எம் என்ற ஆங்கில எழுத்துக்கு அகரத்தின் உருவத்தை மாட்டியிருப்பார்கள். யூனிகோடில் 'அம்மா' என்று தட்டித் தேடினால் கிடைக்கவே கிடைக்காது; ஆங்கில விசைகளில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் கிடைக்கும். இங்கே ஒரு தேர்வுக் கட்டம் திடீரென்று உயிர் பெறுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைக் கவனி என்று சொல்கிற 'மேட்ச் கேஸ்' கட்டத்தைத் தமிழில் யாரும் தொடுவதில்லை. பாமினியில் சின்ன எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு. கட்டத்தைத் தேர்வு செய்யாமல் தேடினால் கவும் குவும் கலந்து வரும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்குகிற ஆட்டோ கரெக்ட் வசதி அணைக்கப்படாமல் இருந்தால், பத்தித் தொடக்கத்துக் ககரங்கள் குகரமாகியிருக்கும். இத்தகைய கோப்பில் தேடுவதைவிட முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. மாற்றிய பின் ரகரச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். துணைக்கால் ரகரங்கள் மாற்றியைக் கடந்து அப்படியே வந்துவிடலாம்.

அமைப்புகளில் சிக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பு எப்போதோ தடித்த எழுத்தை மட்டும் தேடியிருப்போம். அந்த நிபந்தனை தேடும் பெட்டிக்கு அடியில் சின்ன வரியாக ஒட்டிக்கொண்டே இருக்கும். 'நோ ஃபார்மேட்டிங்' பொத்தானை அழுத்தினால் போய்விடும். ஒயில்ட்கார்டு தேர்வு விழுந்திருந்தால் கேள்விக்குறி, அடைப்புக்குறி எல்லாம் வேறு பொருள் கொள்ளும். பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய பகுதியில் சொல்லின் நடுவே வரி முறிந்திருக்கும். படமாக ஒட்டிய பக்கத்தில் தேட எழுத்தே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்கள் சொல்லுக்குள் நுழைந்திருந்தால் ^ குறியும் யூவும் போட்டு 8204, 8205 என்ற எண்களைத் தேடிப் பார்க்கலாம்.

எழுத்தெல்லாம் சுத்தமான பிறகுதான் மொழி குறுக்கே வந்து நிற்கிறது. 'பெரியார்' என்று தேடினால் பெரியாரின், பெரியாரை, பெரியாருக்கு எதுவும் வராது. அவற்றில் புள்ளி வைத்த ர் இல்லை. 'பெரியா' என்று குறைத்துத் தேடினால் அத்தனையும் வரும், கூடவே பெரியாழ்வாரும் பெரியாறும் வந்து சேரும். 'வீடு' என்று தேடினால் வீட்டில் என்பது சிக்காது. 'வீட்' என்று இன்னொரு முறை தேட வேண்டும். 'மரம்' என்பதற்கு 'மரத்' என்பதும் சேர வேண்டும். வேர்டின் ஒயில்ட்கார்டில் 'இது அல்லது அது' என்று கேட்க வழியில்லை. லிப்ரே ஆபீஸில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேர்வைப் போட்டு, இரண்டு வடிவங்களுக்கும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இட்டால் ஒரே தேடலில் இரண்டும் கிடைக்கும். சொல்லடைவு வேலைக்கு நான் அதைத்தான் திறக்கிறேன். தமிழில் நல்லபடியாகத் தேட, ஒரு சொல் வேற்றுமை ஏற்கும்போது எங்கே உடையும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்த சாரியையும் திரிபும் இப்படித் தொழிலுக்கு உதவும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இன்னும் ஆசையாகப் படித்திருப்பேன்.

எந்தக் கட்டளைக்கும் அடங்காத ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தார் அக்கா. 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறி ஒரே எண். பலர் அதை அறியாமல் கொம்பு போட்டு, அடுத்து ளகரத்தையே அடித்துவிடுகிறார்கள்: கெளரவம். 'ஔவை' என்பது ஒகரமும் ளகரமுமாக 'ஒளவை' ஆகிவிடுகிறது. துணைக்காலைப் போல இதை மொத்தமாக மாற்ற முடியாது. 'ெள' என்பதையெல்லாம் மாற்றினால் வெள்ளமும் தெளிவும் கெளுத்தி மீனும் கெட்டுவிடும். 'ஒள' என்பதை மாற்றினால் ஒளி போய்விடும். ஆகவே ஒவ்வோர் இடமாக நின்று, படித்து, மாற்றுவதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

சுயமரியாதை நூலுக்கும் அப்படித்தான் செய்தோம். நான் 'அடுத்ததைத் தேடு' பொத்தானை அழுத்த அழுத்த, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் படித்தார். "வெள்ளைக்காரன், விடு. தெளிவா, விடு. கெளரவம், மாத்து." கௌதம புத்தர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தார், மூன்றையும் ஒன்றாக்கினோம். சொல்லடைவில் பெரியாருக்கு எதிரே இயல் முழுக்க விடுபட்டிருந்த இடங்கள் சேர்ந்தன. கோப்பு பக்கம் கட்டப் போனது.